சிரித்த முகம் என்னும் சுமை

தென்காசிக்காரர்களுக்கு ஆனியும் ஆடியும் விருந்தோம்பலின் மாதங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாய் இறங்கியதும், குற்றாலத்தை முன்னிட்டு உறவுகள் வந்து சேரும். வந்தவரை முகமலர்ந்து வரவேற்பது எம் ஊர்ப் பண்பு. அந்தப் பண்பே சிலருக்குச் சுமையாகிவிடுவதும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு பருவத்தில் நாம் மனச்சோர்வில் அமிழ்ந்திருந்தோம். இரவில் உறக்கமில்லை, விடிந்தால் எழ மனமில்லை. ஆயினும் விருந்தினரை ஐந்தருவிக்கு அழைத்துச் சென்றோம். வழியெல்லாம் வேடிக்கை பேசினோம். "உன்னப் பாத்தாலே எங்க கவலையெல்லாம் பறந்திருது" என்றார் அத்தை. அந்தப் பாராட்டுக்குப் பின் உண்மையைச் சொல்ல நா எழவில்லை. ஊரைச் சிரிக்க வைப்பவன் அழுதால், கொடுத்த வாக்கை மீறியதுபோல் ஆகிவிடுகிறது.

துன்பத்தில் நகைக்கச் சொன்னவர் வள்ளுவர். ஆனால் 'இடுக்கண் அழியாமை' கூறும் நகைப்பு, துன்பத்தை எதிர்த்துக் கடப்பதற்கானது. பிறர் கண்ணிலிருந்து மறைப்பதற்கானதன்று. 'நட்பு' அதிகாரத்திலோ, முகம் மட்டும் மலர்வது நட்பாகாது, அகமும் மலர வேண்டும் என்கிறார்.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி., விருந்தோம்பலுக்கும் ரசனைக்கும் பேர்போனவர். மகன் தீத்தாரப்பன் இறந்தபோது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இரங்கற்பா எழுதி அனுப்பினார். துக்கம் கேட்க வந்தோரிடம் அப்பாடலின் நயத்தை டி.கே.சி. எடுத்துச் சொன்னாராம். துயரத்தை வென்ற ரசனை என்று இதனை வியப்பார்கள். நமக்கு வேறொன்று தோன்றுகிறது. தம் துயரத்தையே பாடும் பாடலை நண்பர் நடுவே வைத்துப் பேச அவரால் முடிந்தது. துக்கத்திற்கும் சபையில் ஓர் இடம் இருந்தது.

நமக்கு அவ்விடத்தைத் தந்தவர் அத்தான். மற்றவர்கள் அருவியில் நின்றுகொண்டிருக்க, தனியே வந்து, "என்ன மாப்ள, ரெண்டு நாளா சோறு எறங்கலையே?" என்றார். சிரிக்க முயன்றோம், இயலவில்லை. அந்த வாரமே மருத்துவரைக் கண்டோம். மாத்திரையும் பேச்சுமாகத் தேறப் பல மாதங்கள் ஆயின.

இன்று அத்தான் அருகில் இல்லாதவர்க்கும் வழியுண்டு. 2022-இல் தொடங்கிய அரசின் டெலிமானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அன்பர்களே, அடுத்த சாரலுக்கு உங்கள் வீட்டில் அதிகம் சிரிக்கிறவர் யாரென்று பாருங்கள். உண்டாயா, உறங்கினாயா என்று அவரை ஒருமுறை தனியே கேளுங்கள். பதில் வரும்வரை அருகில் இருங்கள்.