சாமைக் காடும் குச்சிக்கிழங்குக் காடும்: கொல்லிமலைச் சிற்றூர்களின் வாழ்க்கை

நாமக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், கோழிப்பண்ணைகள் இருக்கும் சமவெளியிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில், முற்றிலும் வேறான விவசாய வாழ்க்கை ஒன்று நடக்கிறது. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடு. அதற்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில், சுமார் 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் கொல்லிமலையின் ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன.

சுற்றுலா வருகிறவர்கள் அறப்பளீசுவரர் கோயிலில் சாமி கும்பிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியில் குளித்து, சோளக்காடு சந்தையில் அன்னாசியும் பலாவும் மலை வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். சாலையிலிருந்து விலகி நடந்து போனால்தான் ஊர்கள் தெரியும். அந்த ஊர்க்காரர்கள் எதை விதைக்கிறார்கள், எதைச் சாப்பிடுகிறார்கள், எதை விற்கிறார்கள் என்பதும் புரியும். விவசாயிகள் பார்க்க வேண்டிய கொல்லிமலை அதுதான்.

நாடுகளாகப் பிரிந்த மலை

இங்கே ஊராட்சிக்கு 'நாடு' என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு என்று மொத்தம் 14 ஊராட்சிகள். ஒவ்வொரு நாட்டிலும் பல சிற்றூர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மலையில் ஏறக்குறைய 40 ஆயிரம் பேர். பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்துக்காரர்கள் என்று நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழியில் வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபுக் கதை. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. செம்மேட்டில் அவன் சிலை நிற்கிறது. ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு விழா நடக்கிறது.

ஒரு சிற்றூருக்குள் போனால் நிலம் மூன்று படிகளாகத் தெரியும். ஓடை ஓடும் பள்ளத்தில் நெல் வயல். வீடுகளைச் சுற்றி பலா, வாழை, காப்பி, சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடி. அதற்கு மேலே சரிவில் மழையை நம்பிய மேட்டுக்காடு. முன்பு அந்த மேட்டுக்காடு முழுவதும் சாமை, கேழ்வரகு, தினை, வரகு. இப்போது பல ஊர்களில் அங்கே நிற்பது குச்சிக்கிழங்கு என்று நம் பக்கம் சொல்லும் மரவள்ளி.

பெரிய ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் இன்றும் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். பள்ளிப் படிப்புக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையிலேயே இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளைகளில் பலர் வேலைக்காகச் சமவெளிக்குப் போகிறார்கள். காட்டு வேலை பெரும்பாலும் நடுவயதுக்காரர்கள் கையிலும் பெண்கள் கையிலும் நிற்கிறது. எந்தப் பயிரைப் போடுவது என்ற முடிவில் இந்த ஆள் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு.

ஜாவாவில் நின்ற கப்பல்

குச்சிக்கிழங்கு கொல்லிமலைக்கு ஏறிய கதைக்கு வெகு தூரத்தில் ஒரு வேர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன், மரவள்ளி மாவும் ஜவ்வரிசியும் இந்தியாவுக்குத் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வந்தன. இன்றைய இந்தோனேசியாவில் உள்ள ஜாவா தீவு அன்று உலகச் சந்தைக்கு மரவள்ளி மாவு அனுப்பிய முக்கிய இடம். போரில் கப்பல் நின்றது. மாவுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1943 வாக்கில் சேலத்தில் உள்ளூர்க் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொழில் சேலம், ஆத்தூர், இராசிபுரம், நாமக்கல் என்று பரவியது. 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஆலைகளுக்குக் கிழங்கு வேண்டும். சமவெளியில் கிணறு வற்றிய காலத்திலும் கொல்லிமலையில் மழை இருந்தது. சாலை வந்தது, லாரி வந்தது, வியாபாரி முன்பணத்தோடு வந்தார். குச்சியை வெட்டி நட்டால் பத்து மாதத்தில் மொத்தமாகப் பணம். உழைப்பும் குறைவு. மலை விவசாயி இந்தப் பயிருக்கு மாறியதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஜாவாவின் மலைக் கிராமங்களிலும் மரவள்ளி உண்டு. அங்கே தெற்குப் பகுதியில் குனுங் கிடுல் என்ற வறண்ட சுண்ணாம்புக் குன்றுப் பகுதியில் கிழங்கைத் தோல் சீவி, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கி, 'திவுல்' என்ற பெயரில் சோற்றுக்குப் பதிலாக வேகவைத்துச் சாப்பிடுவார்கள். அரிசி கிடைக்காத காலத்தில் அவர்களைக் காப்பாற்றிய உணவு அது. காய்ந்த கிழங்கு வீட்டில் இருந்தால் விலை சரிந்தாலும் வயிறு காயாது. கொல்லிமலையில் விளைவது ஆலைக்குப் போகிற கிழங்கு. வெட்டிய இரண்டு மூன்று நாளுக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று ஆலையில் பார்த்து விலை போடுவார்கள். எடுத்த கிழங்கை விலை ஏறும் வரை வைத்திருக்க வழியில்லை. ஏற்றுகூலி, இறக்குகூலி, மலைப்பாதை லாரி வாடகை எல்லாம் போகத்தான் கைக்கு வரும்.

மண்ணும் இறங்குகிறது

சரிவில் மரவள்ளி போடுவதில் இன்னொரு செலவும் இருக்கிறது. நட்ட முதல் மூன்று மாதம் இலை விரிந்து நிலத்தை மூடுவதில்லை. அந்த நேரத்தில் கனமழை பெய்தால் வெறும் மண்ணில் விழுந்து மேல்மண்ணை அரித்துக்கொண்டு போகும். அறுவடையின்போது கிழங்குக்காக நிலத்தை மறுபடியும் தோண்டுகிறோம். ஆண்டுக்காண்டு இதே காட்டில் இதே பயிர் என்றால் சத்துள்ள மண் ஓடையில் போய்விடும். பிறகு உர மூட்டையை மேலே ஏற்ற வேண்டும்.

ஒரே பயிரை நம்புவதில் உள்ள ஆபத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். தென் அமெரிக்காவைச் சேர்ந்த மரவள்ளி மாவுப்பூச்சி 2020இல் கேரளத்தில் தென்பட்டு, பிறகு சேலம், நாமக்கல் பகுதிக் காடுகளில் குருத்தைச் சுருட்டிப் பயிரைக் குட்டையாக்கியது. 2022இல் அனகைரஸ் லோபெஸி என்ற ஒட்டுண்ணிக் குளவியை வெளியிட்ட பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. ஆப்பிரிக்காவில் 1980களில் மரவள்ளியைக் காப்பாற்றிய குளவி அது. இந்தோனேசியாவிலும் 2014இல் அதே குளவியைத்தான் கொண்டுவந்து விட்டார்கள். சாமையும் கேழ்வரகும் துவரையும் கலந்து நின்ற பழைய மேட்டுக்காட்டில் ஒரு பூச்சி வந்தால் ஒரு பயிர்தான் போகும்.

சாமையை விரட்டியது எது?

சாமை ஏன் குறைந்தது என்று கேட்டால் விலை இல்லை, விளைச்சல் இல்லை என்ற பதில்தான் முதலில் வரும். அது பாதி உண்மை. காட்டில் சாமை தோற்கவில்லை. உரமில்லாமல், பாசனமில்லாமல், கல்லுக் காட்டிலும் விளைந்தது. கட்டவெட்டிச்சாமை, மல்லியச்சாமை, திரிகுலச்சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என்று ஒவ்வொரு மண்ணுக்கும் மழைக்கும் ஒரு ரகம் வைத்திருந்தார்கள். விதையை மூங்கில் பின்னி மண் பூசிய தொம்பையில் போட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் பூச்சி தொடாது.

சாமை தோற்ற இடம் வீட்டு வாசலில் கிடந்த உரல். சாமையின் உமி நெல் உமியைப் போல எளிதில் பிரியாது. காயவைத்து, உரலில் இடித்து, முறத்தில் புடைத்து, மறுபடியும் இடித்து, மறுபடியும் புடைக்க வேண்டும். பகலெல்லாம் காட்டில் வேலை செய்த பெண், ஒரு வேளைச் சோற்றுக்காக விடியற்காலையில் உலக்கை பிடிக்க வேண்டியிருந்தது. ரேஷன் அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் அது விலையில்லாமலும் கிடைத்தது. அந்த அரிசியை அப்படியே உலையில் போடலாம். சாமையைக் கைவிட்டதற்காக மலைப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. சிறுதானியத்தின் பெருமையை மேடையில் பேசியவர்களில் எத்தனை பேர் உலக்கை பிடித்திருப்பார்கள்?

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து கொல்லிமலையில் பாரம்பரிய ரகங்களைத் திரட்டி, ஊர் விதை வங்கிகள் அமைக்க உதவியது. அதோடு உமி நீக்கும் சிறிய இயந்திரங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பில் விட்டது. இயந்திரம் வந்த இடத்தில், பாதி நாள் பிடித்த வேலை சிறிது நேரத்தில் முடிந்தது. சாமை அரிசி, கேழ்வரகு மாவு என்று விற்பனைக்கும் வழி பிறந்தது. விதை கொடுத்தால் மட்டும் பயிர் திரும்பாது, அரைக்கும் வழியும் கூடவே வர வேண்டும் என்பதைக் கொல்லிமலை காட்டியிருக்கிறது.

மலையில் நல்லபடியாக நடக்கும் முறைகள்

குச்சிக்கிழங்கை அடியோடு விடு என்று மலை விவசாயியிடம் சொல்ல முடியாது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் திருமணச் செலவும் அந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. நிலத்தைப் பிரித்துப் பயன்படுத்துவதே தாங்கும் வழி. கவனமுள்ள குடும்பங்கள் செய்வதும், சமவெளியில் சரிவு நிலம் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் இவை:

சரிவு கூடிய இடத்தை மரத்துக்கு விடுவது. சில்வர் ஓக், பலா, மிளகு, காப்பி. காப்பி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும் என்பதால், அதுவரை இடையில் வாழை வருமானம் தரும்.

மரவள்ளியைச் சரிவு குறைந்த காட்டில் மட்டும் போடுவது. கரணைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நடுவது. கற்கட்டு, வெட்டிவேர், அல்லது அன்னாசி வரிசை குறுக்கே இருந்தால் மண் நிற்கும். முதல் மூன்று மாதம் தட்டைப்பயறு, உளுந்து போன்ற ஊடுபயிர் நிலத்தை மூடும். அதே காட்டில் தொடர்ந்து மரவள்ளி போடாமல் ஓர் ஆண்டு தானியத்துக்கு மாற்றுவது நல்லது.

வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு துண்டு நிலத்தில் சாமை. விதைப்பாகத் தூவினால் ஏக்கருக்கு 5 கிலோ, வரிசையில் விதைத்தால் 4 கிலோ போதும். வரிசைக்கு வரிசை 25 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர். வரிசை விதைப்பில் களை எடுப்பது எளிது. குறைந்த நாளில் அறுவடை வேண்டுமானால் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏ.டி.எல். 1 ரகம் இருக்கிறது. நாட்டு ரகத்தையும் விதைக்கு ஒரு பாத்தி வைத்துக்கொள்ளலாம்.

உமி நீக்கிய சாமை அரிசியை அதிகம் சேர்த்து வைத்தால் எண்ணெய்ச்சத்தால் சிக்கு வாடை வரும். தானியமாகவே வைத்திருந்து தேவைக்கு ஏற்ப அரைப்பதே சரி.

இனி வேண்டியது

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் ஒரு பகுதிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் முறையைத் தொடங்கியது. கொல்லிமலையில் விளையும் சாமையையும் கேழ்வரகையும் அங்கேயே கொள்முதல் செய்து, அங்குள்ள ரேஷன் கடை, உண்டு உறைவிடப் பள்ளி, சத்துணவு மையங்களுக்கே கொடுத்தால் லாரி வாடகை மிச்சம். விதைத்தவருக்கு விலையும் உறுதி. ஒவ்வொரு நாட்டுக்கும் பழுது பார்க்க ஆளோடு ஓர் உமி நீக்கும் இயந்திரம் இருந்தால் போதும். ஓடாத இயந்திரம் மறுபடியும் பெண்களை உரலடிக்கே அனுப்பும்.

மலைக்குப் போகும் வாசகர்கள், அன்னாசியோடு சேர்த்துச் சாமை அரிசி, மிளகு இருக்கிறதா என்று கேளுங்கள். முடிந்தவரை விளைவித்தவரிடமோ மகளிர் குழுவிடமோ வாங்குங்கள். சமைக்கும் முன் நன்றாகக் களைந்து கல் பார்த்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் சோறு உதிரியாக வரும். திரும்பும்போது வளைவுகளில் மேலேறும் வண்டிக்கு வழிவிட்டு மெதுவாக இறங்குங்கள். அதே பாதையில்தான் அவர்களுடைய கிழங்கு லாரியும் ஆம்புலன்ஸும் போக வேண்டும்.