ஃபீல் பண்ணாத மச்சி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திப் பிழைப்பவன் நான். என்னுடைய நோட்ஸில் உணர்ச்சிச் சொற்கள் என்று ஒரு பக்கம் உண்டு. சந்தோஷத்துக்கான வார்த்தைகளை மாணவர்கள் வாயில் ஏற்றுவதற்குள் உயிர் போய்விடும். 'டிலைட்டட்' என்று நாலு பேரைச் சொல்ல வைப்பதற்குள் எனக்கிருந்த சந்தோஷமும் வடிந்துவிடும். துக்கத்துக்கான வார்த்தைகளில் அந்தத் தொல்லையே கிடையாது. அப்செட், டென்ஷன், ஸ்ட்ரெஸ், டிப்ரஷன், ஹர்ட், கில்ட்டி, லோன்லி எல்லாம் நெல்லிக்குப்பத்திலிருந்து பஸ் ஏறி வரும் பெண்ணுக்கும் கடலூர் ஓ.டி.யிலிருந்து சைக்கிளில் வரும் பையனுக்கும் ஃபீஸ் கட்டும் முன்பே அத்துபடி. வேறு எந்த வாக்கியத்தைச் சொல்லச் சொன்னாலும் திக்குவார்கள். 'ஐ ஆம் இன் டிப்ரஷன்' மட்டும் பிசிறில்லாமல் வரும்.

தமிழ்ப்பற்றுள்ள நண்பர்களிடம் இதைச் சொன்னால் கோபம் வந்துவிடும். துக்கப்படக்கூடவா நம்மிடம் வார்த்தை இல்லை என்பார்கள். வார்த்தைக்கா பஞ்சம்? கவலை, ஏக்கம், சலிப்பு, ஆற்றாமை, ஆதங்கம், மனத்தாங்கல், குமுறல், வயிற்றெரிச்சல் என்று எண்ணி மாளாது. எங்கள் பாட்டி 'விசனப்படாதே' என்பாள். பக்கத்து வீட்டு பாய் 'பேஜாரா இருக்குப்பா' என்பார். இல்லாத கொடுமைக்காக யாரும் ஆங்கிலத்தில் கடன் வாங்கவில்லை.

வாங்கியதை வாங்கியபடி வைத்துக்கொள்ளவும் இல்லை. இங்கிலீஷ்காரனுக்கு டென்ஷன் என்றால் உள்ளே இருக்கும் இறுக்கம், பதற்றம். மஞ்சக்குப்பத்தில் ஒருவர் 'என்னை டென்ஷன் பண்ணாத' என்றால் அவருக்கு நெஞ்சு படபடக்கிறது என்று பரிவு காட்டப் போகாதீர்கள். கை ஓங்கப் போகிறார் என்று அர்த்தம். ஆங்கிலத்தில் எதை வேண்டுமானாலும் ஃபீல் பண்ணலாம், குளிரைக்கூட. நம்மிடம் வந்ததும் அது துக்கத்துக்கு மட்டும் என்று பட்டா ஆகிவிட்டது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பக்கம் சாயங்காலம் எந்த டீக்கடையில் நின்றாலும் 'ஃபீல் பண்ணாத மச்சி' காதில் விழும். அரியர் விழுந்தவனுக்கும் காதல் முறிந்தவனுக்கும் அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு ஊரிலிருந்து திரும்பியவனுக்கும் அதே ஒரு வரிதான் ஆறுதல். மேனேஜர் ரெண்டு முறை போன் போட்டால் டார்ச்சர். 'மூட் அவுட்' நாமே செய்துகொண்டது, லண்டனில் சொன்னால் முழிப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு பேட்சில், உங்களை வருத்தப்படுத்திய ஒரு விஷயத்தை ரெண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசுங்கள் என்று பயிற்சி கொடுத்தேன். பண்ருட்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் எழுந்தான். இன்ஜினியரிங் முடித்தவன், கூச்ச சுபாவம். மடமடவென்று பேசினான். தானே புயலில் தோப்பு போய்விட்டதாம், அப்பா 'வெரி டிப்ரஸ்ட்' ஆம், வீட்டில் 'லாட் ஆஃப் ஸ்ட்ரெஸ்' ஆம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறிய புயல் அது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததை இந்த மாவட்டத்தில் அப்போது இருந்தவர்கள் மறந்திருக்க முடியாது. முந்திரியாவது நட்டு ஏழெட்டு வருஷத்தில் கையில் காசு காட்டும். பாட்டன் நட்ட பலாவை எங்கே போய்த் தேடுவது? பையன் இதையெல்லாம் யாரோ ஒருவர் வீட்டுக் கதைபோல ஒப்பித்துவிட்டு உட்கார்ந்தான். இலக்கணப் பிழை ரெண்டு மூன்றுதான். வகுப்பு கைதட்டியது.

நான் பேச்சுவாக்கில் தமிழில் கேட்டேன். "அப்பா இப்ப எப்படி இருக்காரு?"

"சாயங்காலமானா மரம் இருந்த எடத்துல போயி குந்திக்குவாரு சார்" என்றவனுக்கு மேற்கொண்டு பேச்சு வரவில்லை. பக்கத்திலிருந்தவன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

ஆங்கிலம் பேசத் தெரிந்த அவனுக்குத் தமிழ் ஏன் அடைத்துக்கொண்டது? இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேத்தரின் ஹாரிஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2003இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பிறகு ஆங்கிலம் கற்றவர்களுக்கு இரண்டு மொழியிலும் வசைச்சொற்களையும் சின்னப் பிள்ளைகளைத் திட்டுகிற வார்த்தைகளையும் காட்டி, விரல் நுனி வியர்வையைக் கருவி வைத்து அளந்தார்கள். தாய்மொழித் திட்டுக்கு உடம்பு துள்ளியது. ஆங்கிலத் திட்டுக்கு அவ்வளவு இல்லை. நமக்கு இதற்குக் கருவிகூட வேண்டாம். 'ஷேம் ஆன் யூ' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போவோம். 'நீயெல்லாம் உருப்பட மாட்ட' என்று சொந்தச் சித்தப்பா சொன்னது முப்பது வருஷம் கழித்தும் சுடும்.

ஆக, ஆங்கிலச் சொல் துக்கத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஒரு முக்காடு. இது புதுசும் இல்லை. முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நேருக்கு நேர் துக்கம் சொல்வது நம் ஊர்களில் என்றைக்குமே சுலபமாக இருந்ததில்லை. பெண்களுக்கு ஒப்பாரி இருந்தது. இழவு வீட்டில் கட்டிப்பிடித்து உட்கார்ந்ததும் பிறந்த வீடு கைவிட்டது, கொழுந்தன் பங்கு தராதது, புருஷன் அடித்தது எல்லாம் ராகத்தோடு வெளியே வரும். செத்தவர் பெயர் நடுவில் எப்போதாவது வரும். பழைய தென்னாற்காட்டு ஊர்களில் தங்கி ஒப்பாரியை ஆராய்ந்த இசபெல் கிளார்க்-டெசஸ் 2005இல் எழுதிய புத்தகத்துக்குச் செத்தவருக்காக யாரும் அழுவதில்லை என்று பொருள்படும்படிதான் தலைப்பு வைத்தார். ஒப்பாரி பாடத் தெரிந்த எந்தக் கிழவியும் அதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டாள்.

இந்த மண்ணிலேயே மருதூரில் 1823இல் பிறந்து வடலூரில் சபை கண்ட வள்ளலாரை எடுத்துக்கொள்ளுங்கள். பயிர் வாடியதற்கு அவர் வாடியதை மேடைக்கு மேடை சொல்கிறோம். அந்தப் பாட்டு இடம்பெறும் பிள்ளைப் பெரு விண்ணப்பத்தை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. ஒருவரோடு ஒருவர் உரக்கப் பேசினாலே உள்ளம் நடுங்குகிறது, யாராவது பலமாகக் கதவைத் தட்டினாலே கலங்கிப்போகிறேன் என்று பயம் பயமாக அடுக்கிக்கொண்டே போகிறார். இன்றைக்கு ஒரு டாக்டரிடம் காட்டினால் 'ஆங்சைட்டி' என்று சீட்டில் எழுதிவிடுவார். அத்தனை பயத்தையும் கூச்சமில்லாமல் அவரால் சொல்ல முடிந்ததற்கு, கேட்பது ஆண்டவன் என்பது ஒரு காரணமாக இருக்கவேண்டும். அவருக்கும் ஒரு மறைப்பு தேவைப்பட்டிருக்கிறது என்பது என் எண்ணம், பக்தர்கள் மன்னிக்கட்டும்.

இன்னொரு முக்காடு வயிற்றுவலி. கடலூர், விழுப்புரம் செய்திப் பக்கங்களை நெடுங்காலமாகப் படித்து வருபவர்களுக்கு இது தெரியும். உயிரை மாய்த்துக்கொண்டவரைப் பற்றிய செய்தியில் 'தீராத வயிற்றுவலி' என்று காரணம் போட்டிருக்கும். கடனாக இருக்கலாம், சாதியாக இருக்கலாம், அந்த வீட்டுக்குள் நடந்த வேறு எதுவாகவும் இருக்கலாம். வீட்டார் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொள்ளும், போலீஸ் எழுதியதைப் பத்திரிகை அச்சடிக்கும். முயன்று பிழைத்தவருக்கோ இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு காத்திருந்தது. உண்மையைச் சொன்னால் கேஸ், வயிற்றுவலி என்றால் ஆஸ்பத்திரியோடு போகும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் இதை மாற்றியது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளவேண்டும், அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது என்றது. ஸ்ட்ரெஸ் என்ற வார்த்தை நாட்டுக்குச் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

இந்த வார்த்தைகள் கூட்டமாக வந்து இறங்கியதை நான் கண்ணால் பார்த்தது சுனாமிக்குப் பிறகு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் மாவட்டக் கரையில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கடல் கொண்டுபோனது. அடுத்த சில வாரங்களில் அரிசி, வேட்டி, ஸ்டவ் வந்ததுபோல் கவுன்சிலிங்கும் வந்தது. அதுவரை கவுன்சிலிங் என்றால் காலேஜ் சீட்டு வாங்கும் இடம் என்றுதான் எங்களுக்குத் தெரியும். ஆங்கிலம் தெரிந்த உள்ளூர்ப் பையன் என்று ஒரு குழு என்னையும் சேர்த்துக்கொண்டது. கையில் கேள்வித்தாளோடு தேவனாம்பட்டினத்துக்குப் போனோம். அங்கே ஆங்கிலம் இறங்குவது அதுதான் முதல் முறையா என்ன? 1690இல் கிழக்கிந்தியக் கும்பினியார் அங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கி, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம்வரை உள்ள ஊரெல்லாம் தங்களுக்கென்று வளைத்துக்கொண்ட இடமாயிற்றே.

கேள்வித்தாளில் இருந்ததை நான் தமிழாக்கிக் கேட்கவேண்டும். கடந்த ஒரு வாரத்தில் சோகமாக உணர்ந்தீர்களா? ஒருபோதும் இல்லை, சில நேரம், பல நேரம், எப்போதும்: ஏதாவது ஒரு கட்டத்தில் டிக் அடிக்கவேண்டும். தார்ப்பாய்க் கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். மாமியார் போய்விட்டார், வீடு இல்லை, வலை இல்லை. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அத வுடு தம்பி. நேத்து அரிசி வாங்க நின்னேன். ஒனக்குத்தான் அன்னிக்கே குடுத்தாச்சே, திரும்ப எதுக்கு வந்து நிக்கிறன்னு அத்தன பேரு எதுர்ல ஒருத்தன் கேட்டுட்டான். எங்க வூட்டுல வந்து மீன் வாங்கித் தின்னவன். அதுதான் அறுத்துக்கினே கெடக்குது."

எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது? கேள்வித்தாளில் சோகம், பயம், கோபம், குற்ற உணர்ச்சி எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அரிசி வரிசைக்கு இடமில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியலைப் பிறகு படித்தபோது இந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் அந்த இயல் ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நந்நான்கு காரணங்களையும் சேர்த்தே சொல்கிறது. அழுகைக்குக் காரணம் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இகழ்வது, இழப்பது, இருந்த நிலையிலிருந்து தாழ்வது, இல்லாமை. அந்தக் கொட்டகையில் நாலும் ஒருசேர உட்கார்ந்திருந்தன. இளிவை முதலில் வைத்த பழைய ஆசிரியன் ஏதாவது ஒரு கஞ்சி வரிசையைப் பார்த்திருப்பான் போலும்.

எனக்கு ஆங்கிலச் சொல்லின்மேல் விரோதமில்லை. ஒரு தலைமுறைக்கு முன் மனசு சரியில்லை என்று ஒரு பெண் சொன்னால் 'பேய் புடிச்சிருக்கு' என்றோ 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்றோதான் ஊர் சொல்லியிருக்கும். இன்றைக்கு விடுதியில் ஒரு பெண் 'டிப்ரஷன்' என்று தோழியிடம் சொல்லி, இருவரும் கிளம்பி டாக்டரைப் பார்த்துவிட்டு வர முடிகிறது. 'மென்டல்' இன்னும் வசையாகவே இருக்கும் ஊரில் 'டிப்ரஷன்' மட்டும் மரியாதையாக வாசல் தாண்டிவிட்டது. அந்த மட்டில் லாபம்.

நஷ்டம், கேட்பவன் பக்கத்தில். ஒப்பாரி எவ்வளவு மூடினாலும் கொழுந்தன் பெயரைச் சொல்லிவிடும், கொடுக்காத நிலத்தின் அளவையும் சொல்லிவிடும். டிப்ரஷன் எதையும் சொல்வதில்லை. சொன்னவன் வாயை மூடிக்கொள்கிறான், கேட்டவன் 'டேக் கேர்' போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறான். வாட்ஸ்அப்பில் ஒரு அழுமூஞ்சியும் சேர்த்துப் போடுவதுண்டு. பண்ருட்டிப் பையன் ரெண்டு நிமிஷம் ஆங்கிலத்தில் பேசியும் அவன் அப்பாவைப் பற்றி எங்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை, கைதட்டினோம்.

அதனால் என் வகுப்பில் இப்போது அந்தப் பக்கத்தை நடத்தும்போது ஒரு விதி வைத்திருக்கிறேன். யார் துக்கச் சொல்லைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் 'என்ன ஆச்சு?' என்று தமிழில் கேட்கவேண்டும். பதில் சொல்வதும் சொல்லாததும் அவரவர் விருப்பம். பாதிப் பேர் சொல்வதில்லை. மீதிப் பேர் வகுப்பு முடிந்து படிக்கட்டில் நின்று பேசுகிறார்கள், அது ஆங்கில வகுப்புக்குப் பைசா பிரயோஜனமில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்றைக்கு ராத்திரி 'ஒண்ணுமில்ல, கொஞ்சம் ஸ்ட்ரெஸ்' என்று சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினால் நீங்களும் அதையே கேளுங்கள். உங்களிடம் சொல்ல முடியாவிட்டால் 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.