பள்ளி வாசலும் தெருவாசலும்

சென்னையின் பழைய குடியிருப்புகளில் பள்ளிக்கூடங்கள் வீடுகளுக்கு நடுவில்தான் இருக்கின்றன. மயிலாப்பூர், கோபாலபுரம், தியாகராய நகர், கே.கே. நகர், அடையாறு என்று எந்தப் பக்கம் போனாலும் இதே அமைப்புதான். தியாகராய நகர் 1920களில் உருவான பகுதி. அன்று தெருவின் அகலத்தை முடிவு செய்தவர்களின் கணக்கில் வீட்டுக்கு ஒரு கார் என்பது கிடையாது. பிள்ளைகள் நடந்து வந்தார்கள், சைக்கிள் ரிக்‌ஷாவில் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள், டவுன் பஸ்ஸில் வந்தார்கள். பிறகு பள்ளிக் கட்டடங்கள் மாடிமேல் மாடியாக உயர்ந்தன, மாணவர்கள் பெருகினார்கள், தெரு மட்டும் அதே அகலத்தில் நின்றுவிட்டது. இன்று காலை மணி அடிப்பதற்கு முந்திய அரைமணி நேரமும், மாலையில் பள்ளி விடுவதற்கு முந்திய அரைமணி நேரமும் அங்கே குடியிருப்பவர்கள் தங்கள் வண்டியை வெளியே எடுக்க முடிவதில்லை. கேட்டில் தொங்கும் ‘நோ பார்க்கிங்’ பலகையை ஒட்டியே கார் நிற்கிறது. கேட்டால் எல்லாத் தெருவிலும் ஒரே பதில்தான்: “ரெண்டே நிமிஷம் சார், பிள்ளையை விட்டுட்டு வந்துடறேன்.” சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது இரண்டு நிமிடம்தான். ஆனால் தெருவின் கணக்கு வேறு. அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் யார் என்பதுதான் இங்கே கேள்வி.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஒரு பள்ளிக்குக் காலையில் முந்நூறு கார்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கார் நின்று, பிள்ளை இறங்கி, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போக இரண்டு நிமிடம் என்றால், ஒரு கார் நிற்கும் இடத்தில் அரைமணி நேரத்தில் பதினைந்து கார்கள் வந்து போகலாம். முந்நூறு கார்களுக்கு இருபது இடங்கள் போதும். காருக்கு ஐந்து மீட்டர் என்றால் நூறு மீட்டர் தெருவோரம். சமாளிக்கக்கூடிய அளவு இது. மாலையில் நிலைமை தலைகீழ். நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்று இருபது, இருபத்தைந்து நிமிடம் முன்பே வந்து, ஏசியை ஓடவிட்டுக் காத்திருக்கிறார்கள். அப்போது அரைமணி நேரத்துக்கு ஓர் இடத்தில் ஒரே கார்தான் நிற்க முடியும். அதே முந்நூறு கார்களுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் தெருவோரம் வேண்டும். எந்தக் குடியிருப்புத் தெருவிலும் அவ்வளவு நீளம் கிடையாது. அதனால்தான் வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன, குறுக்குச் சந்துகளுக்குள் புகுகின்றன, வீட்டு வாசல்களை அடைக்கின்றன. நெரிசலை உண்டாக்குவது கார்களின் எண்ணிக்கை மட்டும் அல்ல. எல்லாரும் ஒரே நேரத்தில் வருவதும், வந்தபின் காத்து நிற்பதும்தான் அதைப் பலமடங்காக்குகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு பெற்றோர் செய்வதும் நியாயமாகவே தெரியும். சேர்த்துப் பார்த்தால்தான் அதன் அநியாயம் புரியும்.

அந்த அநியாயத்தை வெறும் எரிச்சல் என்று ஒதுக்கிவிட முடியாது. இருபது அடித் தெரு என்பது ஆறு மீட்டர் அகலம். காரின் அகலம் ஏறக்குறைய 1.8 மீட்டர். இரு பக்கமும் கார் நின்றால் நடுவில் மிஞ்சுவது 2.4 மீட்டர். தீயணைப்பு வண்டியின் அகலம் இரண்டரை மீட்டரை ஒட்டியது. அது உள்ளே வராது. 108 ஆம்புலன்ஸ் எப்படியோ நுழைந்தாலும், எதிரே ஒரு கார் வந்துவிட்டால் பின்னால் போகவும் வழி இருக்காது. இப்பகுதிகளில் முதியவர்கள் மட்டும் தனியாக இருக்கும் வீடுகள் நிறைய. டயாலிசிஸுக்குக் குறித்த நேரத்தில் போக வேண்டியவருக்கும், நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவைக் கூப்பிடுபவருக்கும் அடைபட்ட கேட் உயிர் சம்பந்தப்பட்டது. சட்டம் இதை முன்பே யோசித்திருக்கிறது. பள்ளி, மருத்துவமனை வாசல்களின் அருகிலும், ஒரு வளாகத்தின் நுழைவாயிலை அடைத்தும் வண்டி நிறுத்தக் கூடாது என்று 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறைகளே சொல்லின. பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுச்செல்வதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு தடுக்கிறது. விதி இல்லாததால் வந்த சிக்கல் இல்லை இது.

இதில் அதிகம் பாதிக்கப்படுபவர்கள் குடியிருப்பவர்கள்கூட இல்லை, பள்ளிப் பிள்ளைகள்தான். பிள்ளையின் பாதுகாப்பை நினைத்தே பெற்றோர் வாசல்வரை காரைக் கொண்டுவருகிறார்கள். ஆனால் வாசலில் இரண்டு வரிசையாக நிற்கும் கார்களுக்கு இடையில் புகுந்து தெருவைக் கடக்கும் சிறு பிள்ளையை ஓட்டுநரால் பார்க்க முடியாது. பின்னால் எடுக்கும் வண்டி, திடீரென்று திறக்கும் கதவு, இடைவெளியில் வளைந்து வரும் பைக் என்று அங்கே இருக்கும் ஆபத்தெல்லாம் பெற்றோரின் வண்டிகளிலிருந்தே வருகிறது. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவரது குழுவினரும் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதன் நீண்ட கால விளைவைக் காட்டியது. 1971இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதமாகச் சரிந்தது. தெருவில் பிள்ளைகள் அடிபடுவது குறைந்ததற்குத் தெரு பாதுகாப்பானது காரணமில்லை, பிள்ளைகளைத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டதுதான் காரணம் என்பது அவர்கள் வாதம். கார் பெருகப் பெருக நடப்பது ஆபத்தாகிறது. நடப்பது ஆபத்தாவதால் இன்னொரு குடும்பமும் காரை எடுக்கிறது. இந்தச் சுழலைத் தனி ஒரு பெற்றோரால் உடைக்க முடியாது.

தெரு பொதுச் சொத்து, வீட்டுக்காரர் அதை எழுதி வாங்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. உண்மைதான். தன் மதில் சுவரை ஒட்டிய இடம் தனக்கே என்று பூந்தொட்டியும் கல்லும் போட்டு வைப்பதும் அதே அளவுக்குத் தவறு. ஆனால் பொதுவானது என்றால் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று பொருள். ஒருவர் நின்று மற்றவரை முடக்கலாம் என்று பொருள் இல்லை. தெருவோரத்தில் நிற்பது வேறு, வாசலை மறிப்பது வேறு. பள்ளி இருப்பது தெரிந்துதானே அங்கே வீடு வாங்கினார்கள் என்பது அடுத்த வாதம். பல வீடுகள் இந்த நெரிசலுக்கு ஒரு தலைமுறை முந்தியவை. பின்னால் வந்தவர்களும் பள்ளியின் மணியோசையையும் விளையாட்டுச் சத்தத்தையும் தெரிந்து ஏற்றுக்கொண்டவர்கள். சட்டமீறலை ஏற்றுக்கொண்டவர்கள் என்று சொல்ல முடியாது.

கனமான மறுப்பு வேறொன்று. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறார்கள், பள்ளி எட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடைபாதை உடைந்து கிடக்கிறது, வெயில் கொளுத்துகிறது. அவர்கள் என்ன செய்வார்கள்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014இலேயே ஏற்றது. பள்ளிகளைச் சுற்றிய தெருக்களில் அதை முதலில் செயல்படுத்தியிருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ்த் தமிழ்நாடு வகுத்த விதிகள் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. வீட்டருகே உள்ள பள்ளியை நம்ப முடியாத நிலைதான் இத்தனை கார்களையும் ஊர் தாண்டி ஓட்டுகிறது. இவை பெற்றோரின் குற்றம் இல்லை. ஆனால் எட்டுக் கிலோமீட்டரையும் நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கடைசி முந்நூறு மீட்டரை மட்டும்தான் கேட்கிறோம். அகலமான சாலையில் காரை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்து நடந்தால் ஐந்தாறு நிமிடம். நடக்க இயலாத பிள்ளை, காலில் கட்டுப் போட்ட பிள்ளை என்று வாசல்வரை வந்தே ஆக வேண்டியவர்கள் சிலர் உண்டு. இன்றைய கூட்டத்தில் அவர்களுக்குத்தான் முதலில் இடம் கிடைக்காமல் போகிறது.

ஆகவே கணக்கைப் போட வேண்டியது பள்ளி நிர்வாகம். எத்தனை பிள்ளைகள், எதில் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்ற மூன்று விவரமும் அதன் கையில் மட்டுமே இருக்கின்றன. சேர்க்கையைக் கூட்டும்போது வரவு பள்ளிக்கும் நெரிசல் தெருவுக்கும் போவது முறையில்லை. பள்ளியின் பொறுப்பு வாசலோடு முடிவதில்லை என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தபின், அந்த ஆண்டே பள்ளிப் பேருந்துகளுக்குச் சிறப்பு விதிகள் வந்தன. பேருந்தில் வரும் பிள்ளைக்கு உண்டான பொறுப்பு, காரில் வரும் பிள்ளைகளால் தெருவுக்கு நேர்வதற்கும் உண்டு. வகுப்புவாரியாகக் கால்மணி நேர இடைவெளியில் பிள்ளைகளை விட்டாலே மாலை நெரிசல் பெருமளவு குறையும். வளாகத்துக்குள் ஒரு வழியாக வந்து இன்னொரு வழியாகப் போக இடமிருந்தால் அதைத் திறந்துவிட வேண்டும். அது விருந்தினர் கார்களுக்கு மட்டும் என்று பூட்டி வைக்கலாகாது.

அரசின் பங்கும் உண்டு. இத்தாலியின் போல்சானோ நகரம் 1989இல் பள்ளித் தெருக்களைக் காலையில் சிறிது நேரம் வாகனங்களுக்கு மூடத் தொடங்கியது. லண்டனில் இன்று இப்படிப்பட்ட பள்ளித் தெருக்கள் ஐந்நூறுக்கும் மேல். குடியிருப்பவர்களின் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் அங்கே விலக்கு உண்டு. இதெல்லாம் நம் ஊருக்கு ஒத்துவராது என்பவர்கள் மயிலாப்பூர் மாடவீதிகளை நினைத்துப் பார்க்கலாம். பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் புறப்பாட்டுக்காக அவ்வீதிகளில் வாகனங்களை நிறுத்திவிட்டு நகரம் முழுக்க மாற்றுவழியில் போகிறது. காரணம் பெரிது என்று நாம் ஏற்றுக்கொண்டால் தெருவை மூட நமக்குத் தெரியும். நம் பிள்ளைகள் பயமில்லாமல் நடந்து பள்ளிக்குள் போவது சிறிய காரணமா? காவல்துறை ஒருநாள் வந்து ஐந்நூறு ரூபாய் அபராதம் போட்டுவிட்டுப் போவதால் இது மாறாது. அபராதம் ஒரு காரை நகர்த்தும், அடுத்த கார் அந்த இடத்துக்கு வரும். பிள்ளைகள் எப்படி வந்து எப்படித் திரும்புவார்கள் என்ற திட்டத்தை ஒவ்வொரு பள்ளியும் ஜூனில் திறக்கும் முன் எழுதி, தெருக்காரர்களோடும் மாநகராட்சியோடும் பேசி, பெற்றோரிடம் கொடுக்க வேண்டும். பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது கட்டடச் சான்றையும் தீயணைப்புத் துறைச் சான்றையும் கேட்கும் அரசு, இந்தத் திட்டத்தையும் கேட்க வேண்டும். அப்போதுதான் “ரெண்டே நிமிஷம்” என்று கெஞ்ச வேண்டிய நிலை பெற்றோருக்கும் வராது, அதைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டிய நிலை தெருவுக்கும் வராது.