அச்சு

போன வாரம் ஆக்கர்காரர் வாசலில் வந்து நின்றார். பழைய இரும்பு எடுக்கிறவரை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். தொழுவத்தில் சாக்கு சுற்றிக் கிடந்த வண்டி அச்சைக் கேட்டார். முறிஞ்ச அச்சு, ரெண்டு துண்டு.

அச்சு என்றால் பட்டணத்து நண்பர்களுக்குப் புஸ்தகம்தான் ஞாபகம் வரும். 1578-லேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது, அதனால் தப்பில்லை. எங்க வீட்டுப் பெண்களுக்கு அது முறுக்கு சுடுகிற இரும்புப் பூ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பூமி சுழல்கிற கோடு. எனக்கு வண்டி அச்சு மட்டும்தான்.

மாட்டுவண்டியில் அச்சு சுழலாது. அச்சுக்கட்டையில் பதிந்த சதுர இரும்பு, ரெண்டு நுனியும் உருட்டை. அதில் மாட்டிய சக்கரத்தின் குடம்தான் சுற்றும். கழன்று போகாமல் கடையாணி. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைச்ச மையைப் போடாவிட்டால் ரெண்டு தெருவுக்குச் சத்தம் கேட்கும். டிராக்டரின் பின் அச்சோ தானே சுழன்று சக்கரத்தைத் திருப்பும். பேரு மட்டும் ஒண்ணு.

1988, கன்னிப்பூ அறுப்பு. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு நடையாப் போட்டும்லே" என்றார் அப்பா. எனக்குப் பத்தொன்பது வயது. மிச்சம் கிடந்த நாலு மூட்டையையும் ஏற்றினேன். சானல் பாலத்து இறக்கத்தில் டப்பென்று ஒரு சத்தம். வலதுபக்கச் சக்கரம் தனியே உருண்டு தண்ணீரில் விழுந்தது. வண்டி சாய்ந்து, நுகத்தடியில் சிக்கிய வலத்துக் காளையின் முன்கால் ஒடிந்தது. நெல் போனது பெரிசில்லை. மூணாம் நாள் ஒருத்தன் வந்து காளையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். எங்கே என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் இத்தனை வருஷமும் உறுத்தல். மயில்பீலி ஏற்றின வண்டிக்கும் அளவு மீறினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னதைப் பிள்ளைகள் படிக்கிற சத்தம் கேட்டாலே எழுந்து வெளியே போய்விடுவேன்.

எடைக்குப் போடுவதற்கு ஒரு பாரையாவது அடிக்கலாமே என்று நாகர்கோவிலில் ஒரு லேத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த தம்பி டீசல் ஊற்றி, கம்பி பிரஷ்ஷால் முறிஞ்ச முகத்தைத் தேய்த்துப் பார்த்தான்.

"அண்ணாச்சி, இது ஒரே நாள்ல முறிஞ்சதில்ல. பாருங்க, இந்தப் பாதி வழுவழுன்னு இருக்குல்லா? முன்னாடியே கீறல் விழுந்து, ரெண்டு முகமும் உரசி உரசித் தேஞ்சிருக்கு. சொரசொரன்னு இருக்க மத்தப் பாதிதான் கடைசியில ஒடிஞ்சது. சதுரம் உருட்டையாகிற மூலையிலதான் இந்தக் கீறல் வரும்."

"நாலு மூட்டை குறைச்சு ஏத்தியிருந்தா?"

"இன்னும் கொஞ்ச நடை ஓடியிருக்கும்."

அப்பா போய் பதினோரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு வந்து அம்மையிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அவருக்குத் தெரியும் மக்களே. அச்சு ஒரு மாதிரி சத்தம் போடுகு, கும்பப்பூ அறுத்த பெறவு மாத்திரலாம்னு சொல்லிட்டிருந்தாரு."