தரங்கம்பாடியில் ஒரு மாணாக்கர்

எம் தந்தையார் மறைந்து ஆறு மாதம் கழிந்தபின் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒழுங்கு செய்யும் பொறுப்பு எம்மிடம் வந்தது. எதிர்பார்த்தவையே பெரும்பாலும் இருந்தன. முதுகு பிரிந்த வேதாகமம், பாமாலை, சேகரத்து ரசீதுகள், எவரெவருக்கோ எழுதி அனுப்பாமல் விட்ட அஞ்சலட்டைகள். எல்லாவற்றிற்கும் அடியில் நீல அட்டை போட்ட இருநூறு பக்கக் குறிப்பேடு ஒன்று கிடந்தது. அதை எப்படி வாசிப்பது என்று தெரியாமல் சில வாரங்கள் மேசைமேல் வைத்திருந்தோம். பின்னர் அதை வாசிக்கும் வழியைக் காட்டியவர், முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஒரு செருமானியர். ஆகவே இக்கட்டுரை அவர் வழியாகத்தான் போயாக வேண்டும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

முதலில் தந்தையாரைப் பற்றிச் சிறிது. திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரொன்றில் உபதேசியாராக இருந்தவர் அவர். 1984இல், எமக்கு நான்கு வயதாயிருக்கையில், மிஷனரிப் பயிற்சிக்குச் சென்றார். பயிற்சி சில மாதங்கள்தாம். விடியலில் ஜெபம், நடந்து பழகுதல், கிடைத்ததை உண்ணப் பழகுதல், வேத வசனங்களை மனப்பாடம் செய்தல். அதன்பின் அன்றைய பீகாரின், இன்றைய ஜார்க்கண்டின், இராஜமகால் மலைகளுக்கு அனுப்பப்பட்டார். நாங்கள் அம்மாவோடு ஊரிலேயே இருந்தோம். 1993இல் மலேரியாவும் காலா அசாரும் மாறிமாறி உலுக்கிய உடம்போடு திரும்பினார்.

திரும்பியவர் முன்னிலும் கண்டிப்பானவராக எமக்குத் தோன்றினார். 2001இல் முதுகலைத் தமிழில் சேர்ந்தோம். பாடத்தில் நாச்சியார் திருமொழி இருந்தது. ஒரு மாலை வீடு திரும்பியபோது அந்நூல் செய்தித்தாளில் பொதியப்பட்டுப் பரண்மேல் இருந்தது. "படிச்சு முடிச்சாச்சுன்னா காலேஜிலேயே வச்சிட்டு வா. கிறிஸ்தவன் வீட்டுல இது எதுக்கு?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்று தொடங்கிய விலகல் முழுவதுமாய் ஒருபோதும் தீரவில்லை. அவர் போன மலையைப் பற்றி நாம் கேட்டதில்லை. நாம் நடத்தும் பாடத்தைப் பற்றி அவரும் கேட்டதில்லை.

சீகன்பால்குவை எம் துறையில் அறியாதார் இல்லை. தமிழ் அச்சு வரலாற்றில் ஐந்து மதிப்பெண் வினா அவர். 1715இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தவர், 1719இல் இறந்தவர் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். கோயிலிலோ அவர் பிரசங்கத்தில் வந்துபோகும் வீரர். இரண்டு வழியிலும் அவர் கல்லாகவே நிற்கிறார். கல்லூரியில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு அவரைப் பற்றி எழுத நேர்ந்தபோதுதான், அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி எமக்கு எழுந்தது.

பர்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் சாக்சனியின் புல்ஸ்னிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். வாழ்நாள் முழுதும் நோயாளி. ஹாலே நகரில் ஆகஸ்டு ஹெர்மன் பிராங்கேயின் பக்திநெறிப் பள்ளியில் சேர்ந்து, உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காமலே வெளியேறினார். அங்கே கற்பித்தது மனந்திரும்புதலை. தன் பாவத்தைத் தானே தோண்டிப் பார்த்து, அழுது, போராடி, ஒரு புதுப்பிறப்பை அடைய வேண்டும் என்பது அந்நெறி. எபிரேயமும் கிரேக்கமும் உண்டு. வேற்று நாட்டு மக்களிடம் செல்வதற்கென்று தனிப் பயிற்சி எதுவும் அன்று கிடையாது. டென்மார்க்கின் நான்காம் பிரெடரிக் மன்னர் தம் குடியேற்றத்துக்கு ஊழியர்களைத் தேடியபோது இவரும் புளூச்சோவும் அகப்பட்டனர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம். அம்மாத இறுதியிலேயே கப்பல். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடி. டேனிய ஆளுநருக்கு இவர்கள் வந்ததே பிடிக்கவில்லை. 24 வயது நிறையும் தறுவாயில் இருந்த அந்த இளைஞரிடம் அப்போது இருந்தவை ஒரு வேதாகமமும் அளவற்ற உறுதியும் மட்டுமே.

அந்த உறுதி என்ன செய்தது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். வந்த தொடக்கத்தில், ஊருக்கு வெளியே ஒரு கோயிலருகே நின்ற மண்சிலைகள் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலையை உடைத்தார். இவற்றுக்கு ஆற்றல் இல்லை என்று காட்டுவது அவர் நோக்கம். அங்கே வந்த தமிழர் ஒருவர் மறுமொழி சொன்னார். இவை தெய்வங்களே அல்ல, தெய்வத்தின் காவற்படையாட்கள் என்றார். சீகன்பால்கு அதை ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டார். ஐயனார் கோயில் வாசலில் குதிரைகளையும் வீரர்களையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார் என்பது விளங்கும். வந்தவருக்கு விளங்க வேண்டுமானால் முதலில் மொழி வேண்டும்.

மொழியை அவர் எப்படிக் கற்றார் என்பதே எம்மைப் பிடித்து நிறுத்திய இடம். முதிய வாத்தியார் ஒருவரைத் தம் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். இவரும் அவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் 'அ' எழுதினார். பயிற்றுவிக்க வந்த ஐரோப்பியக் குரு, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து பிழையாக எழுதுகிறார். பிள்ளைகள் சிரித்திருப்பார்கள் என்பது எம் ஊகம். ஹாலேயில் கற்ற தாழ்மை தேவன் முன்னிலையில் ஒருவன் தனியாகப் பழகும் தாழ்மை. மணலில் கற்றது பிறர் பார்க்கப் பழகும் தாழ்மை. இரண்டாவதுதான் கடினம் என்பதை வகுப்பறையில் நிற்கும் நாம் அறிவோம். தெரியாத ஒன்றை மாணவர் முன் தெரியாது என்று ஒப்புக்கொள்ள எமக்குப் பத்தாண்டுகள் ஆயின.

அதன்பின் படிப்பு பெருகியது. அழகப்பன் என்ற துபாசியும், புலவர் ஒருவரும், ஏடு எழுதுவோரும் உடன் இருந்தனர். காலை முழுவதும் தமிழ்நூல். கண் களைத்த இரவில் பிறர் படிக்கக் கேட்டார். 1708இல் தம்மிடமிருந்த நூல்களுக்கு ஒரு பட்டியல் எழுதினார். தமிழ்ச் சைவ வைணவ நூல்கள் முதலியவை மட்டும் 119. திருக்குறள் அதில் உண்டு, சிவவாக்கியம் உண்டு. ஏடுகளை எப்படிப் பெற்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எழுத்தர்களை உள்நாட்டுக்கு அனுப்பி, கணவரை இழந்த பிராமணப் பெண்களிடமிருந்து குறைந்த விலைக்கு வாங்கினார். அந்தப் பெண்கள் எதை எண்ணி விற்றனர் என்பது எவர் பதிவிலும் இல்லை. இதைப் படிக்கும்போது எமக்குச் சற்று உறுத்தவே செய்தது.

அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் செருமானிய மொழியில் பெயர்த்தார். அதன் முன்னுரையில் ஓர் ஒப்புதல் வருகிறது. இம்மக்கள் கல்வியும் ஒழுக்கமும் அற்ற காட்டுமிராண்டிகள் என ஐரோப்பியர் எண்ணுகின்றனர், மொழி அறியாமையே அதற்குக் காரணம், வந்த புதிதில் தாமும் அவ்வாறே எண்ணினார் என்பது அதன் சாரம். தாம் எண்ணியது பிழை என்று அச்சில் ஏறக்கூடிய ஓரிடத்தில் எழுதுவது எளிதன்று. மனந்திரும்புதல் என்று ஹாலேயில் சொல்லிக்கொடுத்த சொல்லுக்கு அவர் அடைந்த பொருள் இதுவென்றே நாம் கொள்கிறோம்.

பிற்பாடு, கேள்விகளை எழுதித் தமிழர்களிடம் அனுப்பி விடை வாங்கினார். அப்படி வந்த கடிதங்களில் 99 ஹாலேயில் செருமானியத்தில் வெளியாயின. கிறிஸ்தவ நெறியை நீங்கள் ஏன் வெறுக்கிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார். குடிக்கிறீர்கள், பசுவைக் கொல்கிறீர்கள், தூய்மை பேணுவதில்லை என்று கூசாமல் விடை எழுதியிருக்கின்றனர். அவ்விடைகளை மறைக்காமல் தம்மை அனுப்பியவர்களுக்கே பெயர்த்தனுப்பினார் என்பதுதான் வியப்பு.

இவற்றால் அவரை இக்காலத்துச் சமரசவாதியாக்கிவிட வேண்டாம். இறுதிவரை தமிழர் வழிபாட்டைப் பிழையென்றே எழுதினார். அந்தச் சொற்களைக் கடக்கும்போது எமக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆனால் சிலையின் தலையை உடைத்தவர், 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் மரபுவரலாறு என்னும் பெருநூலை எழுதினார். ஐயனாரும் எல்லையம்மனும் ஊர்க்காவல் தெய்வங்களும் அதில் பெயர்பெயராக, மக்கள் சொன்னபடியே, வரிசைப்படுகின்றனர். உடைப்பவர் கையில் எழுத்தாணி வந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

அந்நூலை ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அச்சிடவில்லை. அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பப்பட்டவர்கள் அதை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர் மறுமொழி. எந்த ஆசானிடம் தம் ஆன்மாவைப் பயிற்றுவித்துக்கொண்டாரோ அவரே தம் உழைப்பை அறியவில்லை. நூல் 1867 வரை, நூற்றைம்பது ஆண்டுகள், உறங்கிக் கிடந்தது. அவ்வாண்டில் ஜெர்மான் என்பவர் சென்னையில் அச்சிட்டார். இதற்கிடையில் டேன்ஸ்போர்க் கோட்டையில் நான்கு மாதச் சிறைவாசம், மலையப்பன் என்னும் தமிழரோடு ஐரோப்பியப் பயணம், ஹாலேயில் அச்சான தமிழ் இலக்கணம், 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எனப் பல. அவற்றை வரலாற்று நூல்களில் காணலாம். கடைசி ஆண்டில், ஆலயமும் கட்டடமும் எதற்கு, அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு திரிய வேண்டாமா என்று கடிந்து கோபன்ஹேகனிலிருந்து கடிதங்கள் வந்தன. 1719 பிப்ரவரி 23 அன்று, 36 வயதில் இறந்தார்.

அவ்வாலயத்தில் அவர் கல்லறை முன் நின்றபோது எமக்கு நினைவில் வந்தது நீலக் குறிப்பேடு.

அதில் இருந்தவை பாடல்கள். கீர்த்தனைகளும் அல்ல, ஞானப்பாட்டுகளும் அல்ல. மலைச்சரிவில் காட்டை எரித்து மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விதைக்கும் பகாரியா மக்கள் பாடியவை. விதைப்புக்கு ஒன்று, அறுவடைக்கு ஒன்று, இறந்தவரைத் தூக்கிச் செல்லும்போது ஒன்று, அவர்களுடைய கோசாயித் தெய்வத்துக்கு முன் பாடுவன பல. ஒலியைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து, தமிழ் எழுத்து போதாத இடங்களில் தாமே புள்ளியும் கோடும் இட்டு எழுதியிருக்கிறார். அவர்களுடைய மால்டோ மொழி திராவிடக் குடும்பத்தின் வடகிளை என்பது எம் மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் சொல்லும் செய்தி. டிரோசே என்ற செருமானிய மிஷனரி அதற்கு 1884இலேயே இலக்கணம் எழுதியிருக்கிறார். எம் தந்தையார் டிரோசேயையும் அறியார், மொழிக்குடும்பத்தையும் அறியார். எனினும் ஓரத்தில், பல்லுக்குப் 'பலு', கண்ணுக்குக் 'கனு' என்றெழுதி, "நம்ம சொல் போலவே இருக்கு" என்று குறித்திருக்கிறார்.

நாச்சியார் திருமொழியைப் பரணில் ஏற்றியவர் கோசாயிப் பாட்டை ஒன்பது ஆண்டுகள் அமர்ந்து எழுதினார். எவரிடமும் காட்டவில்லை. காட்டினால் அனுப்பியவர்கள் பிராங்கேயைப் போலத்தான் கேட்டிருப்பார்கள் என்று முதலில் எண்ணினோம். பிறகு, அவர் வீட்டிலேயே தமிழ் கற்ற பிள்ளை ஒன்று இருந்ததே, அதனிடம் ஏன் காட்டவில்லை என்ற கேள்வி வந்தது. அதற்கு விடை எம்மிடமே உள்ளது. அவரை ஒரு வகைக்குள் வைத்து மூடி, அதற்குமேல் வாசிக்காமல் விட்டவர் நாம்.

அம்மாவிடம் கேட்டோம். "ராத்திரி லைட்டைக் குறைச்சு வச்சு அதைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. நான் கணக்கு நோட்டுன்னு நினைச்சேன்" என்றார். பாட்டாகப் பாடியதைக் கேட்டதுண்டா என்றதற்கு, "ஊழியக்காரர் எப்படிப் பாடுவாரு?" என்று எம்மையே திருப்பிக் கேட்டார்.

ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயரும் சிற்றூரும் உள்ளன. பொருள் விளங்காத சொற்களுக்கு அடிக்கோடிட்டு, பக்கத்தில் "கேட்க வேண்டும்" என்று பென்சிலால் எழுதியிருக்கிறார். நாம் எண்ணியவரை அப்படி நாற்பத்தொரு சொற்கள். சிலவற்றில் பென்சில் குறிப்பை அடித்துவிட்டு மையால் பொருள் எழுதியிருக்கிறது. பதினேழு சொற்கள் இன்னும் பென்சிலிலேயே நிற்கின்றன. அவற்றைத் தனித்தாளில் படியெடுத்து வைத்திருக்கிறோம். கோடை விடுமுறையில் ஹௌரா வழியாகச் சாகிப்கஞ்சுக்குப் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. அம்மாவும் வருவதாகச் சொல்கிறார்.