வீதியா, முற்றமா?

கிழக்கிலங்கையின் கரையோர வீதியிலே பிரயாணஞ் செய்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருப்பார்கள். அக்கரைப்பற்றிலிருந்து வடக்கே புறப்பட்டால் அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில் என ஊர்கள் வருகின்றன. களியோடைப் பாலத்தருகே சிறிது தூரம் வயல்வெளியும் நீர்ப்பரப்பும் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகின்றன. அப்பால் நிந்தவூர்; அதன்பின் சுவாமி விபுலானந்தர் 1892ஆம் ஆண்டிற் பிறந்த காரைதீவு. காரைதீவைக் கடந்துவிட்டாலோ சாய்ந்தமருது, கல்முனைக்குடி, கல்முனை, பாண்டிருப்பு, மருதமுனை என்னும் ஊர்களுக்கு இடையில் இடைவெளி என்பதே கிடையாது. ஓர் ஊர் எங்கே முடிந்தது, மற்றோர் ஊர் எங்கே தொடங்கிற்று என்பதைப் பெயர்ப்பலகையை வாசித்துத்தான் அறிய வேண்டும்.

இந்த விசித்திரத்தை நான் சரியாக விளங்கிக்கொள்வதற்கு ஐயாயிரம் ரூபா செலவாயிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மருதமுனைக் கைத்தறிச் சேலை வாங்க வேண்டுமென்று வீட்டில் முடிவாயிற்று. ஒரு விடுமுறை நாட் காலையில் மனைவியையும் உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளையும் ஏற்றிக்கொண்டு காரைச் செலுத்தி வந்தேன். வயல்வெளியில் வந்த வேகம் ஊருக்குள் வந்த பின்னரும் காலை விட்டு இறங்கவில்லை போலும்! கடைத்தெருவொன்றில் போக்குவரத்துப் பொலிஸார் கையை நீட்டினர். எந்த ஊர் என்பதைச் சொல்லாமல் விடுகின்றேன்; குற்றம் ஊருடையதன்று.

ஐம்பது கிலோமீற்றருக்கு மேற்படலாகாத இடத்தில் நான் அறுபத்திரண்டில் வந்ததாகக் கருவி காட்டிற்று. உத்தியோகத்தர் மரியாதையாகவே பேசினார். சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதித் தந்தார். பதினான்கு நாட்களுக்கு அந்தப் பத்திரமே தற்காலிக அனுமதிப்பத்திரம். மனைவி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளுடைய மௌனம் பத்திரத்திலும் பாரமாக இருந்தது.

“அறுபத்திரண்டா? ஐம்பத்தைந்துக்கு மேல் நான் வரவேயில்லை! இதை நான் நீதிமன்றத்திற் கேட்கத்தான் போகின்றேன்” என்று வழி நெடுகிலும் கர்ச்சித்துக்கொண்டு வந்தேன். உலகில் வேகத்துக்காக முதன்முதல் தண்டம் கட்டியவராகச் சொல்லப்படும் ஆங்கிலேயர் ஒருவரின் நினைவும் வந்தது. 1896ஆம் ஆண்டு ஜனவரியில், கெண்ட் மாகாணத்தில், மணிக்கு இரண்டு மைல் விதிக்கப்பட்ட இடத்தில் எட்டு மைல் வேகத்திற் போனாராம் அவர். பொலிஸ்காரர் சைக்கிளில் துரத்திச் சென்று பிடித்தார். தண்டம் ஒரு ஷில்லிங். என் ஐயாயிரத்துக்கு அந்த ஒரு ஷில்லிங் எவ்வளவோ மேல் என்று எண்ணிக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி கல்முனையில் சட்டத்தரணி ஒருவரிடம் கிளாக்கராக இருக்கின்றார். நீதவான் நீதிமன்றமும், மாவட்ட நீதிமன்றமும், மேல் நீதிமன்றமும் உள்ள நகரம் அது. அவற்றின் படிகளில் ஏறி இறங்கி அவருக்குத் தலை நரைத்துவிட்டது. சேலைக்கடைக்குப் போகுமுன் அவர் வீட்டுக்குத்தான் போனேன். தேநீர் வந்தது, பத்திரத்தை நீட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். “மச்சான், முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2018ஆம் ஆண்டு மாற்றிய அட்டவணையின்படி, விதித்த வேகத்துக்கு மேலே நூற்றுக்கு இருபது வீதம் வரை போனால் மூவாயிரம். இருபதுக்கு மேல் முப்பது வரை ஐயாயிரம். ஐம்பது வரை பத்தாயிரம். அதற்கும் மேலானால் பதினையாயிரம். உங்கள் கணக்கு இருபத்துநான்கு வீதம். பதினான்கு நாட்களுக்குள் தபாலகத்திற் கட்டினால் இவ்வளவுதான். தவறினால் இருபத்தெட்டு நாள் வரை மேலதிகப் பணத்தோடு கட்டலாம். அதுவும் தவறினால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும்.”

“நான் கட்டப்போவதில்லை. நீதவானிடம் போகின்றேன்.”

“தாராளமாகப் போகலாம். அது உங்கள் உரிமை; அதிற் குறைவேதும் இல்லை. வேறொரு வாகனத்தை அளந்துவிட்டு உங்களை நிறுத்தியிருந்தால், வாகன இலக்கத்தைப் பிழையாக எழுதியிருந்தால், கருவி சரிபார்க்கப்பட்டதா என்று ஐயங்கொள்ள நியாயமிருந்தால், கட்டாயம் போகத்தான் வேண்டும். செய்யாத குற்றத்துக்குப் பயந்து பணங் கட்டுகிறவன், அடுத்தவனுக்கும் கெடுதி செய்கின்றான். ஆனால் அங்கே உங்களைப் பார்த்துக் குற்றவாளியா, சுற்றவாளியா என்று கேட்பார்கள். என்ன சொல்வீர்கள்?”

“நான் ஐம்பத்தைந்தில்தான்…” என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டேன். ஐம்பத்தைந்தும் ஐம்பதுக்கு மேல் அல்லவா? என் கூற்று முழுவதும் மெய்யென்று ஏற்றுக்கொண்டாலும், நான் சுற்றவாளியாவதில்லை. மூவாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையிலுள்ள இரண்டாயிரம் ரூபாவுக்காகத்தான் இவ்வளவு நேரமும் நீதியின் பெயரால் முழங்கினேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்த வேளையில் மகள் மெதுவாகக் கேட்டாள்: “மாமா, வழக்கு நடந்தால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார்களா?”

“ஏன் மகள்?”

“நான் பின்னால் நடுவில் இருந்தேன். முள்ளு அறுபத்தைந்துக்குக் கிட்ட நின்றதைக் கண்டேன். வாப்பாவிடம் சொல்லப் பயமாக இருந்தது.”

அறையில் யாரும் பேசவில்லை. வாகனத்தின் வேகமானி உண்மையான வேகத்தைக் குறைத்துக் காட்டலாகாது, சற்றுக் கூட்டிக் காட்டலாம் என்பது சர்வதேச விதி. முள் அறுபத்தைந்தைக் காட்டினால் கருவி அறுபத்திரண்டைக் காட்டுவதில் ஆச்சரியமில்லை. ஐம்பத்தைந்து என்பது நான் கண்ட இலக்கமன்று. நான் விரும்பிய இலக்கம். அதை நீதிமன்றத்தில் சத்தியஞ் செய்து சொல்லியிருந்தால், நீதவான் நம்பினாலும் நம்பாவிட்டாலும், என் பிள்ளை நம்பியிருக்க மாட்டாள்.

எழுந்து முற்றத்துக்கு வந்தேன். முற்றத்தின் முன்னேதான் வீதி. மச்சானும் வந்து அருகில் நின்றார்.

“இந்த வீதியைச் சிறிது நேரம் பாருங்கள்” என்றார்.

பார்த்தேன். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் வழியாகச் சுமார் 430 கிலோமீற்றர் ஓடி மட்டக்களப்பில் முடியும் ஏ4 நெடுஞ்சாலை அது. தூரத்துப் பிரயாணிக்கு அது வெறும் பாதை. இங்கு வாழ்பவருக்கோ அப்படியன்று. கிழக்கே கடல், மேற்கே கல்லோயா நீர் பாயும் வயல். மீன் பிடிப்பவர் கிழக்கே போக வேண்டும். வேளாண்மை செய்பவர் மேற்கே போக வேண்டும். பள்ளிக்கூடம் ஒரு பக்கம், வீடு மறு பக்கம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்து கரையோர வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, கடலருகே இருந்த பலர் உள்ளே தள்ளிக் குடியேறினர். வாழ்வு கடலில், வீடு வேறிடத்தில்! கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிற் கொடியேறும் நாட்களிலும், பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் தீமிதிப்பு நடக்கும் நாட்களிலும் இந்த வீதியிற் சேரும் சனத்தைச் சொல்லவும் வேண்டுமோ? நாங்கள் வடக்கும் தெற்குமாக விரைகின்றோம். இவர்கள் கிழக்கும் மேற்குமாகக் கடக்கின்றார்கள். எங்களுக்கு அது வீதி; இவர்களுக்கு அது முற்றம். பிறர் முற்றத்தில் எப்படி நடக்க வேண்டுமென்பதைச் சட்டப் புத்தகம் பார்த்தா அறிய வேண்டும்?

உள்ளே மகள் கொப்பியில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பௌதிகத்திற் படித்ததைக் கொண்டு எனக்கு விளக்கினாள். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒரு செக்கன் எடுக்குமென்று வைத்துக்கொண்டால், காய்ந்த வீதியில் ஐம்பதில் வரும் கார் ஏறக்குறைய 28 மீற்றரில் நின்றுவிடுகின்றது. அறுபத்திரண்டில் வருவது நிற்க ஏறக்குறைய 38 மீற்றர் வேண்டும். “பத்து மீற்றர்தானே” என்றேன். “இல்லை வாப்பா. முதற் கார் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தில், இரண்டாவது கார் இன்னும் நாற்பதுக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஒரு பிள்ளை நின்றால்?” என்றாள்.

சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு வீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் அபாயம் நான்கு வீதம் கூடுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நம் நாட்டு வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிகின்றனர். இவையெல்லாம் நான் பத்திரிகையில் வாசித்தறிந்தவைதாம். ஆயினும் என் வீட்டுப் பிள்ளையின் கொப்பியிற் கண்டபோதுதான் அவை எனக்குச் செய்தியாக அன்றிக் கணக்காகத் தெரிந்தன.

அன்றே கல்முனைத் தபாலகத்திற்குப் போய்ப் பணத்தைக் கட்டினேன். பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “அலைச்சலுக்குப் பயந்து கட்டவில்லை மச்சான், அதை மட்டும் எழுதிவையுங்கள்” என்றேன். அவர் சிரித்தார். கட்டுவதும் எதிர்ப்பதும் அவரவர் உரிமை. கட்டுவது சுலபம் என்பதற்காகக் கட்டுதலும் தகாது. கோபம் வந்தது என்பதற்காக எதிர்த்தலும் தகாது. உடனிருந்து கண்டவர் முன்னிலையில் “நான் செய்யவில்லை” என்று சொல்ல முடியுமா என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி. முடியுமானால் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள். நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கின்றது.

பிற்பகலில் மருதமுனைக்குப் போனோம். தறிச் சத்தம் கேட்கும் ஒழுங்கையொன்றில், முதியவர் ஒருவர் தறியில் இருந்தார். நீளவாட்டில் பாவு நூல். குறுக்கே ஊடை நூல். “கொஞ்சம் விரைவாக நெய்யலாமே” என்று வேடிக்கையாகக் கேட்டேன். “நெய்யலாம் தம்பி, நூல் அறும். பிறகு முடிச்சுப் போட வேணும். முடிச்சு விழுந்த சேலையை உங்கட வீட்டுக்காரி வாங்குவாவா?” என்றார். இளநீல நிறத்திற் சேலை ஒன்றை மனைவி தெரிந்தெடுத்தாள். காலையிலிருந்து அவள் முகத்தில் முதன்முறையாகப் புன்னகை தோன்றிற்று.

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முள் நாற்பத்தைந்தில் நின்றது. பின்னால் வந்த வான் ஒன்று பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தது. முன்னே மீன் பெட்டி கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வீதியோரத்தில் நின்றார். நான் காரை நிறுத்தினேன். அவர் அவசரமில்லாமற் கடந்து, ஒரு கையைச் சற்றே உயர்த்திவிட்டுப் போனார்.

“வாப்பா, எத்தனை மீற்றரில் நின்றது?” என்று பின்னாலிருந்து கேட்டாள் மகள்.