ஆச்சி வீட்டுத் தெள்ளு

கல்லிடைக்குறிச்சிக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவே, கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஊர் ஒன்றில் இருந்தது ஆச்சி வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அடுப்படி, புறவாசல், கடைசியில் மாட்டுத்தொழு என்று ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். எல்லாம் மண்தரை. தார்சாவில் நாய் படுத்திருக்கும். நெல் மூட்டைகளுக்கு நடுவே பூனை குட்டி போட்டிருக்கும். இவ்வளவும் இருந்தால் தெள்ளுப்பூச்சி இல்லாமல் இருக்குமா?

ஆச்சி மாமா வீட்டுக்குப் போய் ஒன்றிரண்டு மாதம் இருந்துவிட்டு வந்து கதவைத் திறக்கிற அன்றைக்குத்தான் வேடிக்கை. ஆளில்லாமல் கிடந்த வீடு. காலை வைத்ததும் கருப்புக் கருப்பாகக் கணுக்காலில் துள்ளி ஏறும். கூட்டுக்குள் இருக்கிற தெள்ளு மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், ஆள் நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டால் வெளியே வரும் என்பதெல்லாம் நான் பின்னாளில் படித்தது. ஆச்சிக்குப் படிக்காமலே தெரியும். எங்களை வாசலில் நிறுத்திவிட்டு வாரியலை எடுப்பாள்.

"ஏலே, நாய் மேல இருக்கது கொஞ்சம்தாம்லே. மிச்சம் பூரா தரையிலதான் கெடக்கு."

உண்மைதான். முட்டை நாயின் ரோமத்தில் ஒட்டாது. உதிர்ந்து தரை வெடிப்புக்குள் போய்விடும். புழு அந்தத் தூசியில்தான் வளரும். வெயிலும் வறட்சியும் அதற்கு ஆகாது. ஆச்சி மூலைமுடுக்கெல்லாம் பெருக்கி, குப்பையை அப்போதே தீயில் போடுவாள். நாய் படுக்கும் சாக்கு கொதிக்கிற வெந்நீரில் முங்கும். பத்தமடைப் பாயெல்லாம் புறவாசலில் உச்சிவெயிலில் காயும். வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து மேலே சாணி மெழுகுவாள். ராத்திரியானால் தாம்பாளத்தில் சவுக்காரம் கரைத்த தண்ணீர், நடுவில் சிறு விளக்கு. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் துள்ளி வந்தவை அதிலேயே மூழ்கிக் கிடக்கும். விடிந்ததும் அவற்றை யார் எண்ணுவது என்று எங்களுக்குள் சண்டை.

நொச்சித்தழை மூட்டமும் போடுவாள். என்னைக் கேட்டால், அதில் கண் எரிந்ததுதான் மிச்சம். தெள்ளை ஒழித்தவை வாரியலும் வெயிலும்தான். கடையில் அப்போது கமாக்சின் பொடி தாராளமாகக் கிடைக்கும். பிள்ளை தவழ்கிற தரை என்று ஆச்சி அதை வாசற்படி ஏற விட்டதில்லை. 1997இல் அரசே அந்த மருந்தைத் தடைசெய்தது.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போய், பூட்டிய வீட்டைத் திறப்பவர்கள் இன்றைக்கும் ஆச்சி செய்ததையே செய்யலாம். ஒருநாள் பெருக்கினால் தீராது. கூட்டுக்குள் இருப்பவை வெளிவர வெளிவர, ஒரு மாதமாவது விடாமல் பெருக்க வேண்டும். நாயையும் பூனையையும் பேன்சீப்பால் வாரிவிடுங்கள். இயற்கை மருந்துதானே என்று கற்பூரத்தையோ நீலகிரித் தைலத்தையோ பூனைமேல் தடவிவிடாதீர்கள். பூனை தன் உடம்பை நக்கித்தான் சுத்தம் செய்யும். அவை வயிற்றுக்குள் போனால் அதற்கு விஷம்.